ஆன்லைனில் ஆங்கிலம்: கரையோரக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பவை

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு கடலோர ஊரில் இருக்கிறேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். டியூஷன் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு ஆன்லைன் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருப்பார்கள். அங்கே புரியாததை இங்கே வந்து கேட்பார்கள், கொஞ்சம் பேசிப் பார்ப்பார்கள். தொண்டி, சாயல்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் வாட்ஸ்ஆப்பில் கேட்பார்கள். மூன்று வருஷமாக அதே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, ஆன்லைன்ல படிச்சா நெசமாவே இங்கிலீஷ் வருமா?

காது பழகும். படித்தால் புரியும். வாய் மட்டும் தானாக வராது, அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேருடைய ஏமாற்றம் குறையும்.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம், கல்லூரியில் பார்ட் டூ ஆங்கிலம் நாலு செமஸ்டர் என்று படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். அத்தனை வருஷத்தில் தொடர்ந்து பத்து நிமிஷம் ஆங்கிலத்தைக் காதால் கேட்டவர்கள் எத்தனை பேர்? பாடத்தை ஒரு வரி வாசித்து, அடுத்த வரியைத் தமிழில் விளக்கி, கேள்வி பதிலை எழுதிப் போட்டால் வகுப்பு முடிந்துவிடும். ஆன்லைன் அந்தக் குறையைத் தீர்க்கும். வாயின் கதையைக் கேமரா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எதுல சேரலாம்? காசு கட்டணுமா?

ஆரம்பத்துக்குக் காசே வேண்டாம். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் இரண்டிலும் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பிபிசியில் ஆறு நிமிஷ ஒலிப்பாடம் ஒன்று வரும், கூடவே எழுத்து வடிவமும் இருக்கும். பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஒரு தடவை கேட்டு முடித்துவிடலாம்.

கல்லூரிப் பாடம் மாதிரி ஒழுங்காக வேண்டுமென்றால் மத்திய அரசின் ஸ்வயம் இருக்கிறது, 2017-இல் தொடங்கியது. அதில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் 4, 8, 12 வாரக் கணக்கில் வரும். ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை. படிக்க இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் மொழித்திறன் பாடங்கள் உண்டு. அதற்குக் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும், துறையில் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் சேர்ந்து எல்லாவற்றையும் பாதியில் விட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும். ஒன்றை எடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான் வருது. அதையும் தம்பி ரீல்ஸ் பாத்தே தீத்துடுறான். நான் எப்படிப் படிக்க?

தம்பிக்கு என்னிடம் மருந்து இல்லை. டேட்டாவுக்கு இருக்கிறது. ஒரு மணி நேர வீடியோவை 480பி-யில் பார்த்தால் சுமார் 400, 500 எம்பி போய்விடும். அதையே 144பி-யில் வைத்தால் ஏறக்குறைய 100 எம்பியில் முடியும். ஆங்கில வகுப்பில் ஆசிரியர் முகம் பளிச்சென்று தெரிய வேண்டிய அவசியமில்லை, குரல் தெளிவாக இருந்தால் போதும். ஆறு நிமிஷ ஒலிப்பாடம் சில எம்பிதான், அதை ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா சமயத்தில் 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி இலவசம் என்று அரசு அறிவித்தது. ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான திட்டம் அது. நான் அப்போது இரண்டாம் வருஷம். கார்டு கொடுக்கப் போகிறார்கள் என்றதுமே வீட்டில் மூன்று பேர் உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள். டேட்டா எவ்வளவு வந்தாலும் வீட்டுக்குள் பங்கு பிரிக்கிற பிரச்சினை மாறாது.

டவரே கிடைக்கலையேக்கா?

கரைக்குக் கரை வித்தியாசப்படும். ஒரே தெருவில் ஒரு கம்பெனி சிம் எடுக்கும், இன்னொன்று எடுக்காது. சேர்வதற்கு முன்னால், வகுப்பு நேரத்தில் வீட்டுக்குள் எந்த மூலையில் எத்தனை கோடு நிற்கிறது என்று இரண்டு நாள் பாருங்கள். காலையில் கிடைப்பது ராத்திரி ஊரே வீட்டில் இருக்கும்போது கிடைக்காது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை நிறுத்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லைவ் வகுப்பை நம்பவே வேண்டாம்.

கேமரா, மைக் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டுக் கேட்டா என்ன தப்பு?

தப்பில்லை. எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

2020 ஆகஸ்ட். லைவ் வகுப்பு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஊரைப் பற்றி மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார் ஆசிரியர். மைக்கைத் திறந்தேன். 'மை வில்லேஜ் இஸ்' என்று ஆரம்பிக்கும்போதே முற்றத்திலிருந்து அம்மா, "அடியே, காக்கா கருவாட்டத் தூக்குது, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க!" என்று போட்ட சத்தம் அறுபது பேருக்கும் கேட்டது. சிரித்த முகங்கள் ஒன்றும் தெரியவில்லை, எல்லோரும் கேமராவை மூடியிருந்தார்கள். சிரிப்பு மட்டும் கேட்டது. மைக்கை மூடினேன். 2021 பிப்ரவரியில் கல்லூரி திறக்கும் வரைக்கும் திறக்கவே இல்லை. அந்த ஆறு மாதமும் என் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. பேசிய ஆங்கிலம் மூன்றே சொல்.

என் மாடிக்கு வரும் பிள்ளைகளிடம் ஆன்லைன் வகுப்பில் என்ன பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "யாரும் நம்மளப் பாக்க மாட்டாங்கக்கா." என்ன பிடிக்காது என்றால், "பேசவே வரலக்கா." இரண்டும் ஒரே பொத்தானிலிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதால்தான் தைரியமாகச் சேர்கிறோம். அங்கேயே இருந்துவிடுவதால்தான் வாய் திறப்பதில்லை. ஆகவே நான் சொல்வது இதுதான்: கேமரா மூடியே இருக்கட்டும், டேட்டாவும் மிச்சம். மைக்கை மட்டும் ஒரு வகுப்புக்கு ஒரு தடவை திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'குட் ஈவினிங்' சொல்ல வேண்டாம், அது பேச்சு ஆகாது. ஒரு கேள்வி கேளுங்கள்.

லைவ் கிளாஸா, ரெக்கார்ட் பண்ணுன வீடியோவா? எது நல்லது?

இதில் பிள்ளைகள் இரண்டு கட்சி. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், விடியற்காலையில் ஏலக்கூடத்தில் அப்பாவுக்குக் கூடமாட உதவுபவர்கள் எல்லாம் ரெக்கார்டு கட்சி. நிறுத்தி, பின்னால் ஓட்டி, நாலு தடவை கேட்கலாம் என்பார்கள். நியாயம்தான். வகுப்பறையில் எந்த ஆசிரியரிடமும் 'நாலாவது தடவை சொல்லுங்க சார்' என்று கேட்க முடியாது.

லைவ் கட்சிக்காரர்கள் சொல்வதும் சரி. நேரம் குறித்தால்தான் உட்காருவோம், வீடியோ என்றால் 'நாளைக்கு' என்று தள்ளிவிடுவோம். என் கணக்கு: கேட்கவும் இலக்கணத்துக்கும் ரெக்கார்டு, பேச லைவ். நூறு பேர் இருக்கும் லைவ் வகுப்பு வீடியோவுக்குச் சமம்தான். ஐந்தாறு பேர் சேர்ந்து நீங்களே கூகுள் மீட்டில் அரை மணி நேரம் பேசினால் அதைவிட நல்லது. இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம் வரை கூட்டமாகப் பேசலாம், ஜூமில் 40 நிமிஷம்.

சார் தமிழ்லயே வெளக்குறாரு. நல்லாப் புரியுது. ஆனா அது இங்கிலீஷ் கிளாஸாக்கா?

இலக்கணத்தைத் தமிழில் கேட்பதில் வெட்கம் எதற்கு? ஆங்கிலத்திலேயே ஆங்கில இலக்கணம் கேட்டுப் புரியாமல் தலையாட்டுவதைவிட அது மேல். ஆனால் நாற்பது நிமிஷ வகுப்பில் முப்பத்தைந்து நிமிஷம் தமிழ் என்றால் நீங்கள் கேட்டது தமிழ்தான். முதல் இரண்டு மாதம் அப்படி இருக்கட்டும். அப்புறம் அதே பாடத்தை ஆங்கிலத்திலேயே நடத்தும் ஒருவரிடம் கேளுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி பிடிபடும்.

உச்சரிப்பத் தமிழ்ல எழுதி வச்சுக்குறேன். சரிதானே?

சரியில்லை. 'பேக்' என்று எழுதி வைத்தீர்கள். அது தோளில் மாட்டும் பையா, முதுகா, கட்டி வைப்பதா, பேக்கரியில் சுடுவதா? ஆங்கிலத்தில் நாலும் நாலு சத்தம். நம் எழுத்தில் நாலும் 'பேக்'. 'பேன்' என்று எழுதினால் இன்னும் மோசம். மின்விசிறியா, தோசைச் சட்டியா, தலையில் ஊறுவதா? தமிழ் எழுத்து தமிழுக்கு அளவெடுத்துத் தைத்தது. சொல்லில் ஒலி எங்கே நிற்கிறது என்பதை வைத்தே 'ப' எப்படி ஒலிக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடும், அதனால் ஓரெழுத்து போதும். ஆங்கிலத்துக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

(இந்தப் பக்கத்தில் நானே ஆங்கிலச் சொற்களைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். அது வாசிக்க, உச்சரிப்புக்கு இல்லை.)

வேறு வழி: எந்த ஆன்லைன் அகராதியிலும் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அழுத்தி மூன்று தடவை கேளுங்கள், மூன்று தடவை சொல்லுங்கள். அப்புறம் போன் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, மைக் பொத்தானை அழுத்தி அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். போன் என்ன டைப் அடிக்கிறது என்று பாருங்கள். மின்விசிறியைச் சொல்லி தோசைச் சட்டி வந்தால், கீழுதட்டை மேல்பல் தொடவில்லை என்று அர்த்தம். யாரும் சிரிக்க மாட்டார்கள். என் மாடியில் எல்லாருக்கும் பிடித்த விளையாட்டு இது.

கிராமர் எல்லாம் தெரியும். வாயத் தெறந்தா மட்டும் தப்பாவே வருது. ஏன்?

தமிழில் யோசித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுவதால். இதை எல்லாரும் சொல்வார்கள், எங்கே இடிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு இடம் காட்டுகிறேன்.

'வரவில்லை' என்கிறோம். நேற்று வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. தமிழில் சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் நேற்றைக்கு 'டிட்ன்ட் கம்'. நம் பிள்ளைகள் முதலில் 'நேத்து ஐ டோன்ட் கம்' என்பார்கள். திருத்தினால் 'ஐ டிட்ன்ட் கேம்' என்பார்கள். 'டிட்' என்பதிலேயே இறந்தகாலம் வந்துவிட்டது, பின்னால் வரும் வினை சும்மா நின்றால் போதும். ஒரே சுமையை இரண்டு பேர் தலையில் ஏற்றுவது மாதிரி 'டிட்', 'கேம்' இரண்டிலும் ஏற்றிவிடுகிறோம். இதே 'இல்லை'யில் இன்னொரு சிக்கல், "சாப்பிடலையா?" என்றால் நாம் "ஆமா, சாப்பிடல" என்போம். ஆங்கிலத்தில் அங்கே 'எஸ்' கிடையாது, 'நோ'தான்.

இரண்டாவது, வினைச்சொல். நமக்கு அது கடைசியில் வரும். அதனால் வாக்கியம் முழுவதும் மனதில் கூடிய பிறகே வாய் திறக்கிறோம், அதற்குள் எதிரில் இருப்பவர் பேசிவிடுகிறார். யார், என்ன செய்தார் என்ற இரண்டு சொல்லை முதலில் போட்டுவிடுங்கள்: 'ஐ வென்ட்'. அப்புறம் எங்கே, எப்போது, எதற்கு என்று பின்னால் ஒவ்வொன்றாகக் கோர்க்கலாம். பாதியில் நின்றாலும் கேட்பவருக்குப் புரியும்.

பேசிப் பழக ஆளே இல்ல. ராமேஸ்வரத்துல டூரிஸ்ட்டுங்ககிட்டப் பேசலாமா?

போய்ப் பாருங்கள், இந்தி கற்றுக்கொண்டு திரும்புவீர்கள். அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் வெளியூர்க் கூட்டத்தில் பெரும்பகுதி வடநாட்டு யாத்ரீகர்கள். அவர்களுக்கும் நம்மைப் போலவே ஆங்கிலம் தகராறு.

ஆளுக்குப் பதில் விஷயத்தைப் பிடியுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள். போன வருஷம் விலங்கியல் படிக்கும் ஒரு தம்பி, 'மை ஹாபி' என்று ஆரம்பித்து நாலு வரியில் திணறினான். "உங்க அப்பா கணவாயை எப்படித் தரம் பிரிப்பாரு, அதச் சொல்லு" என்றேன். ஊசிக் கணவாய் 'ஸ்குயிட்', ஓட்டுக் கணவாய் 'கட்டில்ஃபிஷ்', எது எந்தக் கூடை, ஐஸ் எவ்வளவு என்று தப்பும் தவறுமாக ஏழு நிமிஷம் நிறுத்தாமல் பேசினான். ஏற்றுமதிக் கம்பெனியிலோ மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடத்திலோ அவனுக்கு வேண்டியிருப்பதும் அந்த ஆங்கிலம்தான். ஆன்லைன் பாடத்தில் லண்டன் ரயில் நிலையம் வரும், பாசி எடுக்கிற வேலை வராது. அதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருவர் இருந்தால் துபாஷி விளையாடலாம். விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ஆம் தேதி பாம்பனில் வந்து இறங்கினார், குந்துகாலில் நினைவு மண்டபம் இருக்கிறதே, அந்தச் சம்பவம்தான். ராமேஸ்வரம் கோயிலில் அவர் ஆங்கிலத்தில் பேசியதை உடனுக்குடன் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தார். அதே மாதிரி ஒருவர் தமிழில் இரண்டு வரி சொல்ல, மற்றவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும்.

ஏஐ கிட்டப் பேசிப் பழகுறேன். நல்லாப் பேசுறேன்னு சொல்லுது. நம்பலாமா?

பழகுங்கள், பாராட்டை நம்பாதீர்கள். நீங்கள் எப்படி உடைத்துப் பேசினாலும் அது புரிந்துகொள்ளும், மனுஷர் அப்படியில்லை. "பேசி முடித்த பிறகு என் தப்புகளில் முக்கியமான மூன்றை மட்டும் காரணத்தோடு சொல்" என்று கேட்டு வாங்குங்கள். பத்துத் தப்பைச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. ஆதார் எண், வீட்டு முகவரி மாதிரி விஷயங்களை அதனிடம் சொல்ல வேண்டாம்.

போன எடுத்தாலே வாப்பா திட்டுறாங்க. படிக்கிறேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க.

கீழக்கரைத் தங்கச்சி கேட்டது. இதே கேள்வி எல்லாத் தெருவிலிருந்தும் வருகிறது, பெண்பிள்ளைகளிடமிருந்து கூடுதலாக. போனைப் பார்த்துக்கொண்டு குனிந்திருப்பவர் படிக்கிறாரா, படம் பார்க்கிறாரா என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாதே. என் யோசனை, இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் உட்காருங்கள், கையில் ஒரு நோட்டு. சத்தம் போட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். வீட்டுக்கும் சந்தேகம் தீரும், வாய்க்கும் வேலை.

விசைப்படகு வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்பா வீட்டில் இருப்பார், போன் அவர் கையில் இருக்கும், ரீசார்ஜுக்கும் இழுபறி. செமஸ்டர் தேர்வும் அதை ஒட்டியே வரும். 12 வாரப் பாடத்தை ஜனவரியில் எடுத்தால் கடைசி வாரங்கள் அங்கே போய் முட்டும். ஜூலையில் எடுங்கள்.

சர்டிபிகேட் வாங்குனா வேலைக்கு ஆகுமா? கிரெடிட் குடுப்பாங்களா?

என்.பி.டி.இ.எல்.-இல் வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 இருந்தால்தான் சான்றிதழ். மையம் எந்த ஊரில் என்று பதிவு செய்யும்போதே பாருங்கள், பஸ் செலவும் ஒரு கட்டணம்தான். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுத்து, பட்டப்படிப்புக் கணக்கில் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாடத்துக்கு உண்டா என்று சேருவதற்கு முன்னால் கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். வேலையைப் பொறுத்தவரை சான்றிதழ் பயோடேட்டாவில் ஒரு வரி. அடுத்து வருவது நேர்காணல்.

'முப்பது நாள்ல சரளமா பேசலாம்'னு பணம் கட்டி ஏமாந்துட்டேன்.

நானும் கட்டியிருக்கிறேன், 2,500 ரூபாய். வந்தது எங்கேயோ இலவசமாகக் கிடைக்கும் பழைய வீடியோக்கள், அப்புறம் ஒரு வாட்ஸ்ஆப் குழு. குழுவில் அட்மின் மட்டும்தான் பேசலாம். பேசக் கற்றுத்தரும் வகுப்பில்! இனி யாராவது பணம் கேட்டால் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், அதில் நான் எத்தனை நிமிஷம் பேசுவேன்? பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், சைபர் குற்ற உதவி எண்.

நான் டிஎன்பிஎஸ்சிக்குத்தான் படிக்கிறேன். எனக்கு எதுக்கு இங்கிலீஷ்?

குரூப் 4-க்கு மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம். தமிழ்த் தகுதிப் பகுதியில் குறைந்தது 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அந்த நேரத்தைத் தமிழுக்குக் கொடுங்கள். வங்கித் தேர்வும் எழுதுவேன் என்றால் கதை வேறு, பெரும்பாலும் முதல்நிலைத் தேர்விலேயே ஆங்கிலம் வரும். ஊரார் சொல்கிறார்கள் என்பதற்காக எல்லாரும் ஆங்கிலத்தின் பின்னால் ஓட வேண்டியதில்லை.

இன்டர்வியூவே ஆன்லைன்லதான்னு சொல்லிட்டாங்க. இப்ப என்னக்கா பண்றது?

இங்கே கேமராவை மூட முடியாது, இத்தனை நாள் ஒளிந்திருந்ததற்கு வட்டி கட்ட வேண்டிய நாள் இது. நாலு நாள் முன்னாலிருந்து உங்கள் முகத்தையே போனில் வீடியோ எடுத்துப் பேசிப் பாருங்கள். முதல் நாள் பார்க்கச் சகிக்காது, மூன்றாம் நாள் பழகிவிடும். திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைப் பாருங்கள். கேள்வி காதில் விழவில்லை என்றால் தைரியமாக 'குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்' கேளுங்கள், அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். 'டோன்ட் யூ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ்?' என்று கேட்டால் மேலே சொன்ன 'சாப்பிடலையா' ஞாபகம் இருக்கட்டும். அனுபவம் இல்லையென்றால் 'நோ, ஐ டோன்ட்'.

வீட்டில் டவரும் அமைதியும் கிடைக்காதவர்கள் எங்கள் மாடி அறைக்கு வாருங்கள். பிளக் இருக்கிறது, ஜன்னல் ஓரத்தில் மூன்று கோடு நிற்கும். சாவியை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முற்றத்தில் கருவாடு காய்ந்தால் காக்காயை நான் பார்த்துக்கொள்கிறேன்.